உக்கிராணத்தில் கறுத்த குலைகள்

கொச்சியின் புகழ்பெற்ற துப்பறிவாளர் நீலகண்டன், மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டுக் கிணற்றடியில் ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றார். புகழ்பெற்ற என்பது அவராகவே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டது. வெளியே பங்குனி வெயில் கொளுத்தினாலும் கிணற்றுத் தண்ணீர் சில்லென்றுதான் இருந்தது. அவருடைய உதவியாளர் கங்கா கொல்லைப்புற வராந்தாவில் உட்கார்ந்து இந்தக் காட்சியைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு வாளி ஊத்திக்கோங்க சார். நேத்து பிராட்வே கடைத்தெருவுல தின்ன ஆம்லெட் இன்னும் முழுசாப் போகல."

"மெள்ளப் பேசு. வீட்டு மாமி காதுல விழுந்தா என்னையும் உன் பக்கத்துல உட்கார்த்தி வெச்சுடுவா."

குளித்து ஈரத்தோடு வந்தால்தான் உக்கிராணத்துக்குள் விடுவார்கள். கல்யாணச் சாமான்களை அடுக்கிப் பூட்டி வைக்கும் அறைக்குத்தான் உக்கிராணம் என்று பெயர். பாலக்காட்டிலிருந்து வந்து தலைமுறையாகக் கொச்சியில் தொழில் செய்யும் இந்த வீட்டுக்காரர்கள், கல்யாணம் நிச்சயமானதும் அந்த அறையின் மூலையில் ஒரு பிள்ளையாரை உட்கார்த்தி வைத்து விளக்கேற்றிவிடுவார்கள். அன்றிலிருந்து அது மடி அறை. குளிக்காதவர்கள் போகக்கூடாது. குளித்தாலும் சிலர் போகக்கூடாது. கங்கா அந்தச் சிலரில் சேர்த்தி என்று அவள் தெருப் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே முடிவாகிவிட்டது.

வீட்டுக்காரர் விஸ்வேஸ்வரன் மிளகுத் தரகர். எதையும் முன்கூட்டியே செய்து முடிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. காலை ரயிலுக்கு முந்தின நாள் சாயங்காலமே ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்த மனிதர். மகள் கமலாக்ஷிக்கு அடுத்த வாரம் கல்யாணம். வறுவல் இல்லாமல் பாலக்காட்டுக் கல்யாணத்தில் இலை போட முடியாது. வறுவலுக்குப் பச்சை நேந்திரங்காய் வேண்டும். சமையல்காரர் கல்யாணத்துக்கு முன்னே வந்துதான் வறுப்பார், அப்போது வாங்கினால் போதும் என்று எல்லோரும் சொல்லியும் விஸ்வேஸ்வரன் கேட்கவில்லை. தோப்பும்படியில் கடை போட்டிருக்கும் வேலனிடம் குலை குலையாக வாங்கி உக்கிராணத்தில் ஏற்றினார். அத்தனையும் சில நாளில் பழுத்து, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து, அழுகி ஒழுகியது. இரண்டாவது முறையும் வாங்கினார். அதிலும் முக்கால்வாசி அப்படியே ஆயிற்று.

உடனே அவர் கடைக்கே போய், நோய் பிடித்த குலையை என் தலையில் கட்டிவிட்டான் என்று நாலு பேர் நடுவே கத்தித் தீர்த்துவிட்டு வந்தார். அதோடு நிற்காமல் துப்பறிவாளரையும் வரவழைத்தார். இன்று சாயங்காலத்துக்குள் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் போலீஸில் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றார். குற்றவாளி யார் என்று நீலகண்டன் கேட்டார். வேலன்தான் என்றார் விஸ்வேஸ்வரன். கேஸ் இவ்வளவு சுலபமாக முடிந்ததை நீலகண்டன் தன் தொழில் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

கங்காவுக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை. வேலன் அவள் தெருக்காரர், உறவில்லாவிட்டாலும் மாமா. அவருடைய கடைக்கு அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் இது. போலீஸ் கேஸ் என்று ஒன்று வந்துவிட்டால் கடை போய்விடும். இதை அவள் முதலிலேயே நீலகண்டனிடம் சொல்லிவிட்டாள். என் கண் ஒரு பக்கமாகச் சாயும், என்னை நம்பாதீர்கள் என்றாள். அதற்கு அவர், சாயட்டும், நிமிர்த்தி வைக்க நான் இருக்கிறேன் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஈரம் சொட்டச் சொட்ட நீலகண்டன் உள்ளே போனதும், வீட்டுக்காரி கனகாம்பாள் கங்காவுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வெளியாட்களுக்கென்று எடுத்து வைத்த கண்ணாடித் தம்ளர். காப்பி அமிர்தமாக இருந்ததால், கோபப்படுவதைக் காப்பி குடித்து முடிக்கும்வரை கங்கா ஒத்திப்போட்டாள்.

வராந்தாவில் ஒரு காய்கறிச் சந்தையே இறங்கியிருந்தது. வெள்ளரிக்காய், கத்திரிக்காய், முருங்கைக்காய், ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலைக் கட்டுகள். எல்லாம் புத்தம் புதிதாகப் பளபளத்தன. இதெல்லாம் ஏன் வெளியே கிடக்கிறது என்று கங்கா பேச்சுவாக்கில் கேட்டாள்.

கனகாம்பாளுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். முதலில் எல்லாம் உக்கிராணத்தில்தான் இருந்ததாம். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கமலாக்ஷிதான் இங்கே கொண்டுவந்து பரப்பினாளாம், புதிதாக வருவதையும் இங்கேயே வைக்கச் சொல்லிவிட்டாளாம். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து பெண்ணே மாறிவிட்டாளாம். காலேஜில் பாட்டனி படிக்கிறேன் என்று இலையையும் தழையையும் காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவள், காய்கறியை வெளியே வைத்த நாளிலிருந்து சாயங்காலமானால் உக்கிராணப் பிள்ளையாருக்குத் தானே விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாளாம். இத்தனை பக்தி எங்கிருந்து வந்தது என்று தாய்க்கே ஆச்சரியம்.

உக்கிராணத்திலிருந்து நீலகண்டன் வெளியே வந்தார். கையில் ஒரு பழம், முகத்தில் ஒரு பெருமிதம். கங்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் விவசாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துப் பாதியில் விட்டவர். அந்த இரண்டு வருஷத்தை வெளியே எடுக்கும்போதெல்லாம் இந்தப் பெருமிதம் வரும்.

"உள்ளே எங்கேயோ ஒரு பழுத்த பழம் ஒளிஞ்சிருக்கு கங்கா. பழுத்ததுலேருந்து ஒரு வாயு வரும். எத்திலீன்னு பேர். அது பட்டா பக்கத்துல இருக்கிற காயும் பழுக்க ஆரம்பிச்சுடும். செடி கொடிக்கு அது ஒரு ஹார்மோன்."

"காய்க்குக்கூடவா ஹார்மோன்?"

"பின்னே? எப்போ வரைக்கும் பச்சையா இருக்கணும், எப்போ பழுக்கணும்னு உள்ளேருந்து சொல்றது அதுதான்."

"உங்களுக்கு இன்னும் ஒண்ணும் சொல்லல போல," என்றாள் கங்கா. நீலகண்டனுக்கு நாற்பது வயது தாண்டியும் கல்யாணமாகவில்லை.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் திரும்ப உள்ளே போனார். மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு அரிசி மூட்டைகளை மோந்தார், வெல்லத் தகரங்களை மோந்தார், கடைசியில் மூலையில் கவிழ்த்திருந்த பெரிய அண்டாவை நிமிர்த்தினார். அடியில் ஒரு பலாப்பழம். பாதி பிளந்து, கால்வாசி தின்னப்பட்டு, மீதி வாழையிலையால் மரியாதையாக மூடப்பட்டிருந்தது.

வீடே கூடிவிட்டது. விஸ்வேஸ்வரனின் தம்பி ராமபத்ரன் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்றார். சர்க்கரை வியாதிக்காரர். டாக்டர் இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். யாரும் கேட்காமலேயே, நான் கண்ணால் பார்க்கவில்லை, இருட்டில்தான் தின்றேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். சாம்பிராணி வாசனை இருந்ததால் பலா வாசனை யாருக்கும் தெரியாது என்று நம்பி மடி அறையில் ஒளித்தாராம்.

நீலகண்டன் எத்திலீனைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். விஸ்வேஸ்வரனின் முகம் விழுந்துவிட்டது. குற்றவாளி வேலன் இல்லை, சொந்தத் தம்பி என்பது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கங்காவுக்கோ கால் தரையில் பாவவில்லை. ஆனால் வராந்தாவில் நின்றபடியே உக்கிராணத்துக்குள் எட்டிப் பார்த்தபோது அவள் கண்ணில் ஒன்று பட்டது. பார்க்காததுபோல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"சார், அந்த அண்டாவை ஒட்டித் தரையில கிடக்கிற குலை ஏன் பச்சையா இருக்கு?"

நீலகண்டன் திரும்பிப் பார்த்தார். பலாவுக்குப் பக்கத்தில் தரையில் சாய்த்து வைத்த குலைகள் இன்னும் பாதிப் பச்சை. உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டவைதான் பழுத்துக் கறுத்துப் போயிருந்தன. பலாவிலிருந்து தூரமாகப் போகப் போகக் கேடு அதிகமாகியிருந்தது. போதாததற்கு ராமபத்ரன் தூணுக்குப் பின்னாலிருந்து, பழம் முந்தாநாள்தான் வந்தது, குலை கெட்டது போன வாரமாக்கும் என்று சாட்சி சொன்னார். விடுதலையாகிவிட்டோம் என்று தெரிந்ததும் மீதிப் பழத்தைத் திரும்பக் கேட்டார். கனகாம்பாள் தரவில்லை.

"அப்போ வேலன்தான்," என்றார் விஸ்வேஸ்வரன். அவருக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

நீலகண்டன் சட்டையை மாட்டிக்கொண்டு, சாயங்காலம்வரை பொறுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பஸ்ஸில் தோப்பும்படி போகும் வழியெல்லாம் கங்கா பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். தன் வாயாலேயே வேலன் மாமாவை மறுபடி மாட்டிவிட்டோமே என்று அவளுக்கு அழுகையே வந்தது. நீலகண்டன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, இன்றைக்கு உன்னைப்போல் ஒரு உதவியாளர் கொச்சியில் யாருக்கும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

வேலனின் கடை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், நாலு கம்பு நட்டு மேலே தார்ப்பாய் விரித்த கடை. கயிற்றில் பச்சைக் குலைகள் வரிசையாகத் தொங்கின. வாங்க ஆள் இல்லை. எதிரே சாயாக்கடையில் நல்ல கூட்டம். அந்தச் சாயாக்கடையில் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி போட வேலனிடம்தான் தினமும் பழம் வாங்குவார்கள். இப்போது வாங்குவதில்லை.

வேலன் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. கங்காவைப் பார்த்து, "சாமி வீட்டு ஆளா வந்தியா, நம்ம தெரு ஆளா வந்தியா?" என்று கேட்டார்.

"அந்த ரெண்டு ஆளாவும்தான் வந்திருக்கேன் மாமா. யார் ஜெயிக்கிறான்னு பாக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. நீலகண்டன் கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னார். சாமி வீட்டுக்குக் குலையைக் கொண்டுபோனால் கொல்லை வராந்தாவில் இறக்கி வைப்பதோடு சரி, அதற்கு அப்பால் அவர் போனதில்லை. உள்ளே எங்கே வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாம் முறை கொடுத்த அதே தோட்டத்துக் காயில் மிச்சம் இருக்கிறதா என்று நீலகண்டன் கேட்டார். வேலன் தலைக்கு மேலே கையைக் காட்டினார்.

"அதோ. அதே தோட்டம், அதே நாள் வெட்டு. சாமி வீட்டுக்குப் போனதுக்குக் கூடப்பிறந்தது."

"இன்னும் விக்கலையா?"

"சாமி வந்து சத்தம் போட்டுட்டுப் போனப்புறம் எவன் வாங்குவான்? அதான் இருக்கு."

நீலகண்டன் பெஞ்சின் மேல் ஏறி அந்தக் குலையை ஒவ்வொரு காயாகத் தடவிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. கல்லைப்போல் பச்சை. கீழே இறங்கும்போது அவர் முகத்திலிருந்து விளையாட்டுத்தனம் போயிருந்தது.

வாழைக்கு வரும் இந்தக் கறுப்பு நோய் தோட்டத்திலேயே காயில் ஒட்டிக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். ஆனால் தோலுக்குள் போய்த் தூங்கும். காய் பச்சையாக இருக்கும்வரை அதனிடம் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, நோயைத் தலைதூக்க விடாது. பழுக்கச் சொல்லி ஹார்மோன் உத்தரவு போட்டதும் காய் இளகுகிறது, இனிக்கிறது, காவலையும் விட்டுவிடுகிறது. அப்போது தூங்கினது விழித்துக்கொள்ளும்.

"என் காய்ல நோய் இருக்குன்னு நீங்களும் சொல்றீங்க," என்றார் வேலன்.

"எல்லார் காயிலயும் இருக்கு. உங்க காய் அதைத் தூங்க வெச்சிருக்கு. அங்கே யாரோ எழுப்பியிருக்கா. எப்படி எழுப்பினான்னுதான் தெரியல."

அப்போதுதான் சாயாக்கடைக்கு அடுத்த பழக்கடையில், மண் பூசி அடைத்திருந்த சின்ன அறையின் கதவைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து புகை குபுகுபுவென்று வெளியே வந்தது. பின்னாலேயே மஞ்சள் பழக் குலைகள் வந்தன. காயை அடுக்கி, தேங்காய் மட்டையைப் புகைய விட்டு, காற்றுப் போகாமல் அடைத்துப் பழுக்க வைப்பது கொச்சியில் எந்தப் பழக்கடையிலும் நடக்கிற வேலை. நீலகண்டன் பலமுறை பார்த்ததுதான். இன்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"புகை," என்றார். "புகையிலயும் அந்த எத்திலீன் இருக்கு. புகை மேலே போகும். உத்தரத்துல தொங்கினது முதல்ல கெட்டுது. கங்கா, அந்த அறையோட மேல் ஜன்னல்ல பூனை வராம இருக்கன்னு சாக்கு அடைச்சிருந்தா. ஆனா புகை எங்கேருந்து வரும்? அங்கே அடுப்புகூட இல்லையே."

"சாம்பிராணி," என்றாள் கங்கா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் காலையிலிருந்து எத்தனை பேர் சாம்பிராணியைப் பற்றிச் சொன்னார்கள். ஒருவருக்குக்கூட அது புகை என்று தோன்றவில்லை. பிள்ளையாருக்குப் போட்டால் அது பக்தி, அவ்வளவுதான்.

மாமியின் பெண் தெரியாமல் செய்த பிசகு, விஷயம் முடிந்தது என்று நீலகண்டன் சொல்லிக்கொண்டே திரும்பும் பஸ்ஸில் ஏறினார். பஸ் பாதி வழி வந்ததும் கங்கா மெதுவாக ஆரம்பித்தாள்.

"சார், புகை பட்டா வெற்றிலை என்ன ஆகும்?"

"மஞ்சளாப் போயிடும். வெள்ளரிக்காய், கத்திரிக்காய் எதுவுமே தாங்காது."

"அதெல்லாம் வராந்தாவில ஜம்முனு இருக்கு. சாம்பிராணி போட ஆரம்பிச்சப்பவே அந்தப் பொண்ணு வெளியில கொண்டுபோய் வெச்சிருக்கு. கெட்டதை நாம எல்லாரும் உத்து உத்துப் பார்த்தோம். எது கெடாம தப்பிச்சுதுன்னு பாக்கல. தெரியாம செஞ்ச பிசகுன்னா வெற்றிலையை எதுக்குக் காப்பாத்தணும்?"

நீலகண்டன் முன்சீட்டுக் கம்பியை விரலால் தட்டினார். பாட்டனி என்று தனக்குள் முனகினார். அப்புறம், ஒரு கல்யாணப் பெண்ணின் பெயரை நான் கெடுக்க மாட்டேன் என்றார். சாம்பிராணிதான் காரணம் என்று மட்டும் சொன்னால் வேலன் தப்பித்துவிடுவார், அது போதாதா என்று கேட்டார். கங்கா சரி என்று சத்தியம் செய்து கொடுத்தாள். வேலன் மாமா தப்பித்தால் போதும் என்றுதான் அவளுக்கும் இருந்தது.

மட்டாஞ்சேரி வீட்டில் விஸ்வேஸ்வரன் சட்டை போட்டு, குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குத் தயாராக நின்றார். சாயங்காலம் ஆக இன்னும் நேரம் இருந்தது. இதிலும் அவருக்கு முன்ஜாக்கிரதை.

நீலகண்டன் பக்குவமாகத்தான் சொன்னார். புகை, ஹார்மோன், காயின் எதிர்ப்புச் சக்தி, தூங்கும் நோய் எல்லாவற்றையும் சொன்னார். யார் மேலும் குற்றமில்லை, பக்தி கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று முடித்தார். கனகாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விஸ்வேஸ்வரன் குடையைத் தரையில் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"நோய் குலையோடயே வந்ததுன்னு நீங்கதானே சொன்னேள்?"

"தூங்கிண்டிருந்ததுன்னு சொன்னேன்."

"தூங்கித்தோ முழிச்சுண்டுதோ, இந்த ஆத்துக்குள்ள கொண்டுவந்தது அவனாக்கும். நோயுள்ள சரக்கை நல்ல சரக்குன்னு வித்திருக்கான். நீங்களே சாட்சி. வாங்கோ ஸ்டேஷனுக்கு."

நீலகண்டன் கொண்டுவந்த விஞ்ஞானத்தையே கயிறாகத் திரித்து வேலன் கழுத்தில் மாட்டிவிட்டார் மிளகுத் தரகர். எல்லார் வீட்டுக் காயிலும் அது உண்டு என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கிற மாதிரி இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார்.

கங்காவுக்குக் கேலியெல்லாம் வற்றிப்போயிருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தது நினைவிருந்தது. கேள்வி கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்ததாக நினைவில்லை. வராந்தாப் பக்கம் கையைக் காட்டினாள்.

"மாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குலையை உள்ள விட்டுட்டு, அந்த வெற்றிலையும் காய்கறியும் மட்டும் ஏன் வெளியில வந்துச்சு?"

கனகாம்பாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. கமலாக்ஷி வந்து நின்றாள். ஒல்லியான பெண், கண்ணாடி போட்டவள். அழுதிருப்பாள் போலிருந்தது, ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"நில்லுங்கோ அப்பா. நான்தான் பண்ணினேன். தெரிஞ்சேதான் பண்ணினேன்."

விஸ்வேஸ்வரன் படியில் நின்றார்.

"இந்த ஆத்துல பல்லி கத்தினா பயணத்தை நிறுத்துவேள். பூனை குறுக்கே போனா திரும்பி வருவேள். பிள்ளையார் முன்னாலயே கல்யாணக் குலை கறுத்தா அபசகுனம்னு கல்யாணத்தைத் தள்ளி வைப்பேள்னு நினைச்சேன். ரெண்டு தடவை கறுத்தும் உங்களுக்குச் சகுனம் தோணல. ஆள்தான் தோணித்து. அந்த அறைக்குள்ள காலே வைக்காத ஆள்."

கல்யாணம் பிடிக்கவில்லையா, பையனைப் பிடிக்கவில்லையா என்று தாய் கேட்டாள். பையனைப் பற்றி ஒன்றுமில்லை, பரீட்சை எழுத வேண்டும் என்றாள் பெண். கடைசி வருஷப் பரீட்சை.

விஸ்வேஸ்வரன் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். இன்னும் வராத ரயிலெல்லாம் அவருக்கு நேரத்தோடு தெரியும். இது தெரியவில்லை.

"எப்போடி பரீட்சை?"

"கல்யாணத்தன்னிக்கு. சொன்னேன் அப்பா. நீங்க பஞ்சாங்கம் பார்த்துண்டிருந்தேள்."

அவர் படியிறங்கித் தெருவில் நடந்தார். போலீஸ் ஸ்டேஷன் வலது கைப்பக்கம். கங்கா பின்னாலேயே போனாள், அவள் பின்னால் நீலகண்டனும் கமலாக்ஷியும். முக்குத் திரும்பும் இடத்தில் விஸ்வேஸ்வரன் நின்றார். யாரையும் பார்க்காமல், தோப்பும்படிக்கு எந்த பஸ் என்று கேட்டார்.

பஸ்ஸில் அவர் பேசியது ஒரே ஒரு தடவை. பிள்ளை வீட்டாருக்கு நான் என்ன சொல்வேன் என்று கேட்டார். பரீட்சை என்று சொல்லுங்கோ என்றாள் கமலாக்ஷி. சித்திரையில் நல்ல முகூர்த்தம் இருக்கிறதா என்று அவர் விரலை மடக்கிக் கணக்குப் போடத் தொடங்கியதைக் கங்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

வேலன் அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார். வணக்கம் சொல்லவில்லை. கமலாக்ஷிதான் முதலில் அவர் முன்னால் போய் நின்று, தப்பு தன்னுடையது என்று சொல்லிக் கைகூப்பினாள். வேலன் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பிறகு அவள் அப்பாவைப் பார்த்தார். விஸ்வேஸ்வரன் தொண்டையைச் செருமினார். பழக்கமில்லாத காரியம், அதனால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வேலா, உன் காய்ல ஒரு குத்தமும் இல்ல. தப்பு என் ஆத்துல நடந்தது. நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதே."

சொல்லிவிட்டுக் கிளம்பத் திரும்பினார். வேலன் கையை நீட்டி மறித்தார். தொடவில்லை.

"அன்னிக்குச் சொன்னதை மலையாளத்துல சொன்னீங்க சாமி," என்றார் அமைதியாக. "இங்க இருக்கிறவங்களுக்கு இப்ப நீங்க பேசின தமிழ் புரியாது."

சாயாக்கடையில் தம்ளர்ச் சத்தம் நின்றிருந்தது. பழக்கடைக்காரர்கள், மீன் கூடைக்காரிகள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஸ்வேஸ்வரன் மகளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. நீலகண்டன் உதவிக்கு வரத் தோதாக இரண்டடி முன்னே வைத்தார், கங்கா அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

விஸ்வேஸ்வரன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பினார்.

"வேலன்றெ குலைக்கு ஒரு கேடும் இல்லாயிருந்நு," என்று தமிழில் சொன்னதையே மலையாளத்தில் சொன்னார். குரல் மேலே எழவில்லை. கூடைக்காரி ஒருத்தி, கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள் என்று மலையாளத்தில் கத்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்குக் கத்திய அதே தொண்டையில் கத்தினார். "கேடு என்றெ வீட்டிலாயிருந்நு."

யாரும் கை தட்டவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. சாயாக்கடைக்காரர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சாலையைக் கடந்து வந்தார். நாளைக்குப் பழம்பொரிக்குப் பழம் வேண்டும், வழக்கம்போல் அனுப்பிவிடு என்று வேலனிடம் சொல்லிவிட்டுப் போனார். வேலன் சரி என்று சொல்லிவிட்டு விஸ்வேஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குக் காய் எப்ப வேணும் சாமி?"

விஸ்வேஸ்வரன் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, எப்போது என்று மகளிடம் கேட்டார்.